அந்தப் பழமொழி எந்த மண்ணில் பிறந்தது?

(கொண்டச்சியில் நடந்த தோட்டத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் நமது மூத்த அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறிது சுருக்கித் தருகிறோம்.)

  

சம்பளத்தைப் பற்றியும் காணி உரிமையைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகப் பேசிவிட்டார்கள். என்னிடம் கேட்டது வேறு. "மழை, காற்று, எறும்பு, ஈசல் என்று பெரியவர்கள் சொல்லும் பழமொழிகள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகின்றன. அவற்றின் கருத்தைச் சொல்லுங்கள்" என்றார்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்வது போன்ற சின்ன வேலை என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். யோசிக்க யோசிக்க, இது நம் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்று தெரிந்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஆடிப்பட்டமும் என் அப்பாயியும்

என் அப்பாயி துறையூர்ப் பக்கத்துக்காரி. மண்டபம் முகாமில் தங்கவைத்து, ஊசி போட்டு, தனுஷ்கோடியில் கப்பலேற்றி, தலைமன்னாரில் இறக்கி, ரயிலில் ஏற்றிப் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குக் கொண்டுவந்தார்கள். கையில் கொண்டுவந்தது ஒரு பித்தளைச் செம்பு. வாயில் கொண்டுவந்தது நூறு பழமொழி.

ஆடி பிறந்தால் லயத்துக்குப் பின்னால் கைப்பிடியளவு நிலத்தைக் கொத்திவிட்டு, "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சொல்லி அவரையும் பீர்க்கும் போடுவாள். ஒவ்வொரு வருஷமும் முளை காய்ந்து போகும். பீலியில் தண்ணீர் பிடித்து ஊற்றியும் நிற்காது. அதே நேரத்தில் வட்டவளையில் இருந்த பெரியம்மா வீட்டிலிருந்து செய்தி வரும்: "மழை விடவே இல்லை, படங்கு காயவில்லை, கொழுந்தெடுக்கப் போகவே முடியவில்லை." சிறுவனாக இருந்த நான், அப்பாயி சொல்வது பொய் என்று முடிவு செய்தேன்.

1977 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் மலையை விட்டு வன்னிக்கு வந்தது. பிறகு இந்தப் பக்கம் வந்து, மரமுந்திரிகைத் தோட்டத்தில் களை பிடுங்கினோம், கொட்டை பொறுக்கினோம். இங்கே முதல் ஆடியில் நான் கண்டது வெறும் புழுதி. சோளகக் காற்று கண்ணைத் திறக்கவிடாது. அந்தக் காற்றில் யார் எதை விதைப்பது? ஆவணி கழிந்து புரட்டாதியில்தான் இங்குள்ள கமக்காரர் வயலைப் புழுதியாக உழுது நெல்லைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். அதுதான் இங்கே காலபோகம்.

அப்படியானால் அப்பாயி பொய்க்காரியா? இல்லை, தோழர்களே. அவள் ஊரில் அது உண்மை. மேற்கே குடகு மலையில் மழை கொட்ட, ஆடியில் காவேரி பெருகி வரும். மானாவாரி நிலத்திலும் அந்த மாதத்து மழையை நம்பிச் சோளமும் கடலையும் பருத்தியும் போடுவார்கள். அந்த மண்ணில் நின்று, அந்த வானத்தைப் பார்த்துச் சொன்ன சொல் அது. சொல் கடல் தாண்டி வந்தது. மண்ணும் வானமும் வரவில்லை.

ஒரே காற்று, மூன்று ஊர்

ஆடி மாதத்துக் காற்று ஒன்றுதான். தென்மேற்கிலிருந்து கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. ஹட்டன், நோர்வூட், வட்டவளை மலைகளில் மோதி மேலே ஏறும்போது சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. மலையின் மறுபக்கம் பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இறங்கும்போது அது காய்ந்த காற்று. அதைத்தான் ஊவாவிலும் மட்டக்களப்பிலும் கச்சான் என்கிறார்கள். மலை எதுவும் மறிக்காத இந்த மன்னார்க் கரையில் மழையை இறக்க அதற்கு இடமில்லை. புழுதியை எழுப்பிவிட்டுப் போகிறது.

ஊவாத் தோழர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அந்தக் கச்சான் காற்றில் காயும் கொழுந்துக்குத்தான் உலகச் சந்தையில் தனி வாசம், தனி விலை. ஆனால் காய்ச்சலில் கொழுந்து குறைவாகத்தான் கிளம்பும். தேயிலையின் விலையை ஏற்றுகிற அதே காற்று நம் தராசில் கிலோவைக் குறைக்கிறது. கிலோ குறைந்தால் அரைப் பேர். இதைச் சொல்ல இன்னும் ஒரு பழமொழி பிறக்கவில்லை.

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்கிறார்களே, அது இங்கேயும் பொருந்தும், மலையிலும் பொருந்தும். அம்மி பறக்காது என்று சொன்னவருக்கும் தெரியும். பாரமான அம்மிக்கே அந்தக் கதி என்றால், பாரமில்லாததின் கதி என்ன என்பதுதான் கேள்வி. லயத்துத் தகரக் கூரையின்மேல் கல்லும் பழைய டயரும் ஏற்றிவைத்திருக்கிறவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை.

ஆகவே ஒரு பழமொழியைக் கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் சொன்னது? எந்த மண்ணில் நின்று சொன்னது? அதனால் யாருக்கு லாபம்? இந்த மூன்றையும் கேட்டால் எந்தச் சொல்லை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரிந்துவிடும்.

எறும்பும் ஈசலும் சொல்வது

சில சொற்கள் எந்த ஊருக்குப் போனாலும் செல்லும். "எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை வரும்." இது துறையூரிலும் உண்மை, பண்டாரவளையிலும் உண்மை, கொண்டச்சியிலும் உண்மை. ஏனென்றால் இது எறும்பைப் பார்த்துச் சொன்னது, மாதத்தைப் பார்த்துச் சொன்னதல்ல. எறும்புப் புற்று மண்ணுக்குள் இருக்கிறது. மண்ணில் ஈரம் ஏறினால் குஞ்சு அழுகும். அதனால் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுகிறது. நாம் முட்டை என்று காண்கிற வெள்ளை மணிகள் பெரும்பாலும் அதன் புழுவும் கூட்டுப்புழுவும்தான். சின்ன உயிர், தன் பிள்ளைகளை முதலில் தூக்குகிறது. இதை மறக்காதீர்கள், பிறகு திரும்பி வருவேன்.

"அந்தி ஈசல் பூத்தால் அடைமழை" என்பதும் அப்படித்தான். இறக்கை முளைத்த கறையான்தான் ஈசல். அது புதுப் புற்றுக் கட்ட மண் இளகியிருக்க வேண்டும். காய்ந்த மண்ணைத் தோண்ட அதனால் முடியாது. ஆகவே நிலம் நனைந்து, காற்றில் ஈரம் கனத்த அந்தியில்தான் கூட்டமாகக் கிளம்பும். ஈசல் மழையைக் கொண்டுவருவதில்லை. மழைக்காலம் உட்கார்ந்துவிட்டது என்று சாட்சி சொல்கிறது. "தட்டான் தாழப் பறந்தால் மழை" என்பதற்கும் காரணம் உண்டு. காற்று கனக்கும்போது சின்னப் பூச்சிகள் தாழ இறங்குகின்றன, அவற்றைத் தின்ன வரும் தட்டானும் இறங்குகிறது.

"அந்தி மழை அழுதாலும் விடாது" என்பதைக் கொழுந்தெடுக்கும் தாய்மாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் காலையில் நல்ல வெயில். மலை சுட்டு, நீராவி ஏறி, மத்தியானத்துக்குப் பின் கறுத்து, கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குச் சரியாக இடியோடு கொட்டும். சாக்கு நனையும், பிள்ளைக்காம்பராவில் பிள்ளை அழும். பிள்ளை அழுதாலும் மழை விடாது, தாய் அழுதாலும் விடாது. வீட்டில் உட்கார்ந்து மழையைப் பார்த்தவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். வெளியில் அகப்பட்டுக்கொண்டவர் சொன்ன சொல் இது.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பதைச் சமவெளியில் இருந்தவர்கள் குளிர் என்ற அளவில்தான் நினைத்திருப்பார்கள். நுவரெலியாத் தோழர்கள் தை மாதக் காலையில் புல்லில் உப்புக் கொட்டியதுபோல் உறைபனியைக் காண்கிறார்கள், அது பட்ட தேயிலை கருகுவதையும் காண்கிறார்கள். இங்கே கொண்டச்சியில் அதே காலத்தில் மரமுந்திரிகை பூவெடுக்கும். பூ நேரத்தில் பனியோ மழையோ கூடினால் அந்த வருஷம் கொட்டை குறையும். ஒரே பழமொழி மூன்று தொழிலில் மூன்று அர்த்தம் எடுக்கிறது. அப்படி எடுக்கிற சொல்தான் பிழைக்கிறது.

வழி பிறந்த கதை

"தை பிறந்தால் வழி பிறக்கும்." கல்யாண வழி, வேலை வழி என்று இன்று பேசுகிறோம். ஆனால் முதலில் அது காலால் நடக்கிற வழியாகவே இருந்திருக்கலாம். மழை ஓய்ந்து, ஆறு வடிந்து, வயல் அறுவடையாகி, மூடிக்கிடந்த வரம்பு வெளியே தெரியும். அப்போதுதான் ஊர் விட்டு ஊர் போகலாம்.

நம் முன்னோருக்கு அந்த வழி இந்த மன்னார்க் கரையில்தான் தொடங்கியது. ரயிலுக்கு முந்திய காலத்தில் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். தண்ணீர் இல்லாமலும் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. 2023 ஆம் ஆண்டு, 200 வருஷ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்களே, அது அந்த வழிதான்.

அவர்கள் நடந்துகொண்டிருந்த 1840களில் யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் என்ற பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டினார். பின்னர் 1874 இல் சென்னையில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளைப் புத்தகமாக வெளியிட்டார். பெரிய தொண்டு, மறுக்கவில்லை. ஆனால் காட்டு வழியில் நடந்தவர்களிடம் அந்தக் காலத்தில் யார் போய்க் கேட்டார்கள்? நம் சொல்லை நாம்தான் எழுத வேண்டும்.

முத்தும் தேங்காயும்

இப்போது, யாருக்கு லாபம் என்ற மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

நாம் கூடியிருக்கிற இந்தக் கொண்டச்சிக் குடா ஒரு காலத்தில் உலகம் அறிந்த இடம். வாடைக்கும் சோளகத்துக்கும் இடையில் கடல் அடங்கும் பங்குனி, சித்திரையில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடி முத்துக் குளித்தார்கள். சுறா கடிக்காமல் மந்திரம் ஓதக் கடல்கட்டிகளுக்கும் கூலி கொடுத்தார்கள். ஆளுநர் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய வீடுதான் அரிப்பில் அல்லிராணிக் கோட்டை என்று இடிந்து நிற்கிறது. பேர்போன பெரிய குளிப்பு 1905 இல் மறிச்சுக்கட்டியில் நடந்தது.

"சுவாதி மழைத்துளி சிப்பியில் விழுந்தால் முத்து" என்பார்கள். சூரியன் சுவாதி நட்சத்திரத்தில் நிற்பது ஐப்பசியில், வாடை மழை தொடங்குகிற நாட்களில். காலத்தில் பெய்யும் மழை முத்துக்குச் சமம் என்று ஒரு கமக்காரன் சொன்னால் அது அழகான சொல். ஆனால் கடலுக்கடியில் பல பாகம் ஆழத்தில் கிடக்கும் சிப்பிக்குள் வானத்துத் துளி போகாது. 1902 இல் ஹேர்ட்மன், ஹோர்னெல் என்ற இரு விஞ்ஞானிகள் இந்தப் படுகைகளை ஆராய்ந்து, உள்ளே புகுந்த ஒட்டுண்ணிப் புழுவைச் சுற்றிச் சிப்பி பூசும் பூச்சுதான் முத்து என்றார்கள். வானம் கொடுத்த முத்து என்றால் விற்கிறவனுக்கு விலை கூடும். காலில் கல்லைக் கட்டி, மூச்சைப் பிடித்து இறங்கினானே, அவன் கதையில் வருவதே இல்லை.

இதற்கு அண்ணன் தம்பி போல நம் கதை ஒன்று இருக்கிறது. தேயிலைத் தூரைக் கிண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஊரில் வந்து ஆள் பிடித்த கங்காணி சொன்னானாம். அதுவும் இயற்கையைப் பற்றிய சொல்தான்! எந்தச் செடியின் தூரிலும் நிற்காதவன், தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவன் சொன்ன சொல். கிண்டிப் பார்த்தவர்களுக்குக் கல்லும் அட்டையும்தான் கிடைத்தன. அதற்குப் பிறகு நம் பெரியவர்கள் அதையே கேலிப் பேச்சாக்கித் திருப்பி வைத்துக்கொண்டார்கள். இன்றும் யாராவது வந்து பெரிய வாக்குறுதி கொடுத்தால், "தேயிலைத் தூரில் தேங்காயா?" என்று கேளுங்கள்.

பழமொழி தவறிய இரவு

உழைத்தவர் சொன்ன நல்ல பழமொழியும் தவறும். "கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை" என்கிறோம். பத்து வருஷத்தில் பெரும்பாலும் அது சரி. ஆனால் 1964 டிசம்பர் 22 ஆம் திகதி, மார்கழி பிறந்து ஒரு கிழமையில், வட இலங்கையைக் கடந்து போன புயல் அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த ரயிலையே கடல் கொண்டுபோனது. என் அப்பாயி கப்பலேறிய துறை மறுநாள் இல்லை. அந்த வருஷம் ஒக்டோபரில்தான் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நம் மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. போகச் சொன்ன வழியும் அதே வருஷத்தில் உடைந்தது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயலும் இந்தப் பக்கமாகத்தான் மன்னார்க் குடாவுக்கு இறங்கியது.

பழமொழி வழக்கமாக நடப்பதைச் சொல்லும். ஒரு தலைமுறைக்கு ஒரு முறை வருவதை அது சொல்லாது. அதற்கு வானொலியும் வானிலை அறிக்கையும் வேண்டும். இங்குள்ள மீனவப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "காற்றின் மணத்தைப் பார்ப்பேன், கைப்பேசியையும் பார்ப்பேன். இரண்டில் ஒன்று கூடாது என்றாலும் வலையை எடுக்கமாட்டேன்." அதுதான் அறிவு.

அந்த அறிவு அறுபடுவதும் உண்டு. 1990 ஒக்டோபரில் இந்தப் பக்கத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்து முகாம்களில் பிறந்த பிள்ளைகள் இருபது வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது, எந்தக் காற்றில் எந்தக் குளம் நிரம்பும் என்று சொல்லப் பல வீடுகளில் பெரியவர் இல்லை. நமக்கும் அதே கதை. ஊர் மாறும்போது முதலில் தொலைவது பாத்திரம் அல்ல, சொல்.

மலைக்கு நம்மிடம் பழமொழி இல்லை

தோழர்களே, இப்போதுதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஒரு கிழமை உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த பழமொழியை எல்லாம் எழுதிப் பார்த்தேன். மழைக்கு உண்டு, காற்றுக்கு உண்டு, ஆற்றுக்கு உண்டு, வறட்சிக்கு உண்டு. மலை சரிவதற்கு ஒன்றுகூட எனக்கு அகப்படவில்லை. ஏன்? நம் முன்னோர் சமவெளிக்காரர். திருச்சியிலும் சேலத்திலும் புதுக்கோட்டையிலும் அவர்களின் வயலின்மேல் மலை வந்து விழுந்ததில்லை. 200 வருஷமாக மலையில் வாழ்கிறோம், நம் வாயில் இன்னும் சமவெளியின் சொல்தான் இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29. ஐப்பசி பிறந்து இரண்டு கிழமை ஆகவில்லை. "ஐப்பசி அடைமழை" என்று நமக்குத் தெரியும். ஆனால் அடைமழையில் மலை என்ன செய்யும் என்று சொல்லித்தரச் சொல் இல்லை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் காலை நேரத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றாரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்ததாகப் பின்னர் செய்திகளில் படித்தோம். எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. லயத்துக் கதவு வரை வரவில்லை, வந்தாலும் போக வேறு வீடு இல்லை.

மலை சரியுமுன் அடையாளம் காட்டும். நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்பு. இறுகிப்போய்த் திறக்காத கதவு. சாய்ந்த மரம், சாய்ந்த லைட் கம்பம். இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்று. இருந்த ஊற்று சேறாகக் கலங்குவது, அல்லது சட்டென்று நிற்பது. இவை எல்லாம் எறும்பின் முட்டை போலக் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். சொல்லாக மாறினால் பிள்ளையும் மறக்காது. நான் புலவன் இல்லை. ஆனாலும் இரண்டு கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்:

ஊற்றுக் கலங்கினால் உறங்காதே.
கதவு இறுகினால் காலைக் கிளப்பு.

இதைவிட நல்லதாக உங்கள் தாய்மார் சொல்வார்கள். சொல்லட்டும், அதுதான் வேண்டும்.

ஆனால் சொல் மட்டும் போதாது. எறும்புக்கு ஏறத் திட்டு இருக்கிறது. நமக்கு எங்கே திட்டு? ஆகவே சங்கம் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். ஒவ்வொரு தோட்டத்திலும் மழை அளக்கும் கருவி இருக்க வேண்டும், அதைத் தொழிலாளர் பிரதிநிதியும் வாசிக்க வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம் என்று படிகள் இருக்கின்றன. அவை பெரட்டுக் களத்தில் தமிழில் எழுதித் தொங்கவிடப்பட வேண்டும். ஆபத்து என்று இறங்கிய நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. பேர் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் நேரத்தோடு இறங்கமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்தில்லாத இடத்தில் சொந்தக் காணியும் வீடும் வேண்டும்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை. இந்தக் கிழமையே வீட்டில் இருக்கும் பெரியவரிடம் ஒரு பழமொழி கேட்டு எழுதுங்கள். பக்கத்தில் மூன்று குறிப்புப் போடுங்கள்: யார் சொன்னது, எந்த ஊரில் கேட்டது, இங்கே அது பலிக்கிறதா இல்லையா. கொண்டச்சிப் பிள்ளைகள் சோளகத்தையும் வாடையையும் பற்றி எழுதுங்கள். மலைநாட்டுப் பிள்ளைகள் உங்கள் மலையைப் பார்த்து எழுதுங்கள். சங்கத்தின் செய்தி மடலுக்கு அனுப்புங்கள்.

அப்பாயி செத்து முப்பது வருஷம் ஆகிறது. அவள் சொல்லை நான் இப்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். "ஆடிப்பட்டம் விதை" என்று அவள் சொல்லவில்லை. "தேடி விதை" என்றாள். தேடச் சொல்லியிருக்கிறாள். உன் மண்ணில், உன் வானத்தில், உன் பட்டம் எது என்று நீயே தேடு என்று சொல்லியிருக்கிறாள்.

தேடுவோம், தோழர்களே.